மாத்திரையும் மாற்று மாத்திரையும்: டாக்டர் சுப்பாராவ்

ஹாஸ்டல்ல ஜிம் போற பசங்க ஷெல்ஃபைப் பார்த்தா குட்டி மெடிக்கல் ஷாப் மாதிரி இருக்கும். சர்க்கரை இல்லாத கோலா, கிரியேட்டின் டப்பா, மல்டிவிட்டமின், ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல். கோலாவில் இருக்கிற செயற்கை இனிப்பு கல்லீரலைக் கெடுக்கும், கிட்னியைக் கெடுக்கும்னு ஒரு ரீல்ஸ் சொல்லும். அடுத்த ரீல்ஸ், ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டா அந்தக் கெடுதல் எல்லாம் சரியாகிடும்னு சொல்லும். ரெண்டையும் நம்பினா ரெண்டையும் வாங்கணும். கடைக்காரருக்கு லாபம், நமக்கு?

ஒரு பொருள் உடம்புக்குச் செய்யும் கெடுதலை இன்னொரு மாத்திரை தடுக்க முடியுமா? முடியும். மருத்துவத்தில் அதற்கு உறுதியான உதாரணமே இருக்கு. ஆனா அந்த உதாரணத்துக்குப் பின்னாடி இருபது வருஷத்துக்கு மேல் உழைப்பும், ஒரு மனிதரோட முழு வாழ்க்கையும் இருக்கு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்து, அமெரிக்கா போய் அங்கேயே இறந்துபோன எல்லாப்ரகடா சுப்பாராவ் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

பீமாவரத்திலிருந்து திருவல்லிக்கேணி வரை

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமாவரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஆந்திரா. அன்றைக்கு மதராஸ் மாகாணம். ஏழு பிள்ளைகள் இருந்த குடும்பம். பெரிய வசதி எதுவும் கிடையாது. படிப்பிலும் ஆரம்பத்தில் அவருக்கு மனசு ஒட்டவில்லை. பதிமூன்று வயசில் வீட்டை விட்டுக் காசிக்குக் கிளம்பிவிட்டார். யாத்திரை வருபவர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நல்லா சம்பாதிக்கலாம் என்பது அவர் திட்டம். அம்மா வெங்கம்மா பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் பண்ணினார், அதுவும் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். அதற்குள் அப்பா இறந்துவிட்டார். படிப்புச் செலவுக்காக அம்மா தன் நகையை விற்க வேண்டி வந்தது. அரியர் வச்சிருக்கிறவங்க இந்தப் பத்தியைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கலாம்.

பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். அப்போது அவருக்குத் துறவியாகும் ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். அம்மா சம்மதம் வேண்டும் என்றார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் அதுவும் சேவைதானே என்ற யோசனையில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவுக்கு உதவினார்கள். 1919-ல் மூர்த்தியின் மகள் சேஷகிரியோடு கல்யாணம் நடந்தது.

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் கதர் துணியில் தைத்த ஆபரேஷன் கவுனைப் போட்டுக்கொண்டு சர்ஜரி வகுப்புக்குப் போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும், கடைசியில் கையில் கிடைத்தது எல்.எம்.எஸ். என்ற கீழ்நிலைச் சான்றிதழ்தான். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. மதராஸ் மருத்துவப் பணியில் சேர முயன்றார். அதுவும் நடக்கவில்லை.

ஸ்ப்ரூ

இந்த இடத்தில் ஒரு நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் டிராபிக்கல் ஸ்ப்ரூ. சிறுகுடலின் உள்சுவர் கெட்டுப்போய், சாப்பிடுவது எதுவும் உடம்பில் சேராது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், ரத்தசோகை, எலும்பும் தோலுமாக இளைத்துப் போவது. அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை. சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து இந்த நோயில் போனார்கள். கொஞ்ச காலத்தில் அவருக்கும் அதே நோய் வந்தது.

அவர் படித்த அலோபதியால் அவரைக் குணமாக்க முடியவில்லை. டாக்டர் ஆசண்டா லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தில் உடம்பு தேறியது. சுப்பாராவ் அதே லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் அனாடமி ஆசிரியராகச் சேர்ந்தார். குணமானதோடு அவர் விஷயத்தை விட்டுவிடவில்லை. அந்த மருந்தில் எது வேலை செய்தது, எவ்வளவு, எப்படி என்ற கேள்வி அவருக்கு இருந்தது. அதற்குப் பதில் தேடும் வசதி இங்கே இல்லை. எங்கே இருக்கிறதோ அங்கே போக முடிவு பண்ணினார்.

காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பண உதவி செய்ய, 1923 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில் போய் இறங்கினார். மூன்று வருஷத்தில் திரும்பி வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். சேஷகிரி அப்போது கர்ப்பமாக இருந்தார். மகன் பிறந்தான், ஒரு வயசு முடிவதற்குள் தோல் தொற்று நோயில் இறந்தும் போனான். அப்பா அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்லை. மனைவியையும் பிறகு பார்க்கவில்லை. அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

நீல நிறம் சொன்ன ரகசியம்

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவப் படிப்பு. வயித்துப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு நேர வேலை. நோயாளிகளின் மலப்பாத்திரம் கழுவுவதும் அதில் அடக்கம். டிப்ளமோ முடித்ததும் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

இருவரும் சேர்ந்து 1925-ல் வெளியிட்ட ஒரு முறை, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கு என்று அளப்பதற்கானது. மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் பயோகெமிஸ்ட்ரி லேப் மேனுவல்களில் இன்னைக்கும் இருக்கு. பயோடெக் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

தசையில் இந்த முறையைப் போட்டுப் பார்த்தபோது நீலம் உடனே வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கருவி கோளாறு என்று தள்ளியிருக்கலாம். அவர்கள் தள்ளவில்லை. ஏதோ ஒரு சேர்மம் மெதுவாக உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது என்று பிடித்துக்கொண்டு போனார்கள். 1927-ல் கிடைத்தது பாஸ்போகிரியேட்டின். 1929-ல் ஏடிபி. அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைத் தனியாகக் கண்டுபிடித்தார். தசை எதை எரித்துச் சுருங்குகிறது என்பது பற்றி அதுவரை இருந்த லாக்டிக் அமிலக் கொள்கை இதனால் ஆட்டம் கண்டது. ஷெல்ஃபில் இருக்கிற கிரியேட்டின் டப்பாவின் பூர்வீகம் இதுதான். கிரியேட்டின் போட்டால் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பு கூடும் என்ற கணக்கில்தான் அதை விற்கிறார்கள்.

1930-ல் பிஎச்.டி. வாங்கினார். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் பத்து வருஷம் அங்கேயே ஓட்டினார். ஈரலைச் சாறாக்கி, அதில் ரத்தசோகையைக் குணமாக்கும் பொருள் எது என்று தேடினார். மனசில் இருந்தது பழைய ஸ்ப்ரூதான்.

கோஷா ஆஸ்பத்திரியும் கீரையும்

அதே ரத்தசோகையை இங்கே இன்னொருவர் தேடிக்கொண்டிருந்தார். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய் வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு மோசமான ரத்தசோகை வந்து உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. ஈஸ்ட்டில் செய்யும் மார்மைட்டைக் கொடுத்தபோது அது சரியானது. கோடை மாதங்களில் வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் விலங்குகளை வைத்து ஆய்வு செய்தார். 1931-ல் கொஞ்ச நாள் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். சுப்பாராவ் மெட்ரிக் படித்த அதே திருவல்லிக்கேணிப் பகுதியில்தான் அந்த ஆஸ்பத்திரி இருக்கு. மார்மைட்டில் இருந்த பொருள் என்னவென்று தெரியாததால் அதை வில்ஸ் காரணி என்று சொன்னார்கள்.

1941-ல் டெக்சாஸில் நாலு டன் பசலைக்கீரையைப் பிழிந்து கொஞ்சூண்டு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம். அதிலிருந்து ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது. நாலு டன் கீரையை வைத்து நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்க முடியாது. தொழிற்சாலையில் செய்தாக வேண்டும்.

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு நியூயார்க் பக்கத்தில் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்கு வந்திருந்தார். சீக்கிரமே ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். பெரிய குழு, பணம், கருவி எல்லாம் முதல் முறையாகக் கைக்கு வந்தது. 1945-ல் அந்தக் குழு ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைக் கண்டுபிடித்து, செயற்கையாகவும் தயாரித்துக் காட்டியது. சீக்கிரமே கரீபியன் தீவுகளில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து, பெயரும் அளவும் தெரிந்த ஒரு மாத்திரை கிடைத்துவிட்டது. நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்தே இருக்கு.

நல்லது செய்யும் மாத்திரை கெட்டதும் செய்தது

கதை இங்கேயே முடிந்திருந்தால், சத்து மாத்திரை நல்லது, எல்லாரும் போடுங்க என்று நானும் முடித்திருப்பேன். அடுத்த இரண்டே வருஷத்தில் இரண்டு விஷயம் தெரிய வந்தது.

ஒன்று, பி12 குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அழகாக மாறும். ஆனால் நரம்புச் சேதம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மேலே பெயின்ட் அடித்த சுவருக்குள் கரையான் மாதிரி. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

இரண்டாவது இன்னும் கொடூரம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்கு லெடர்லே தயாரித்த ஃபோலேட் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். ஃபோலிக் அமிலம் ரத்தத்தைச் சீராக்கும் என்றால் இதிலும் உதவும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. புற்று வேகம் எடுத்தது. ரத்த செல்லுக்கு உணவான அதே பொருள் புற்று செல்லுக்கும் உணவு என்று அப்போதுதான் புரிந்தது.

ஃபார்பர் அங்கே நின்றுவிடவில்லை. ஃபோலேட் புற்றை வளர்க்கும் என்றால், ஃபோலேட்டைத் தடுத்தால்? சுப்பாராவின் ஆய்வகத்தில் ஃபோலேட் மாதிரியே இருக்கும், ஆனால் அதன் வேலையைச் செய்யாத போலி மூலக்கூறுகளும் தயாராகிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. குழந்தைகளின் ரத்தப்புற்று ஒரு மருந்துக்கு அடங்கியது அதுதான் முதல் தடவை. நிரந்தரக் குணம் இல்லை, சில மாதங்கள்தான். ஆனால் கீமோதெரபி என்ற கதவு திறந்தது அங்கேதான். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் பெயர் இல்லை.

அமினோப்டெரினின் தம்பி மாதிரி அதே ஆய்வகத்தில் வந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்றைக்கும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கிறார்கள்.

டிராலி கணக்கு

இது எப்படி வேலை செய்கிறது என்று நம்ம பாஷையில் சொல்றேன். செல் பிரியும்போது டிஎன்ஏ புதுசாகக் கட்ட வேண்டும். அதற்கு ஒற்றைக் கார்பன் துண்டுகள் தேவை. அதைத் தூக்கிக்கொண்டு போகும் டிராலிதான் ஃபோலேட். ஒரு முக்கியமான வேலை முடிந்ததும் டிராலி மடங்கிப்போய்விடும். அதை மறுபடியும் நிமிர்த்தி லைனுக்கு அனுப்ப ஒரு நொதி இருக்கு. மெத்தோட்ரெக்ஸேட் அந்த நொதியில் போய் அடைத்துக்கொள்ளும். டிராலி எல்லாம் மடங்கியபடியே குவியும், லைன் நின்றுவிடும்.

வேகமாகப் பிரியும் புற்று செல் முதலில் சாகும். ஆனால் நம்ம உடம்பிலும் வேகமாகப் பிரியும் செல்கள் இருக்கு. எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல், குடலின் உள்சுவர். அவையும் அடி வாங்கும். கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் வருது. ஏற்கெனவே நிமிர்த்தி வைத்த டிராலியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? அந்த அடைபட்ட நொதியைத் தாண்டி நேராக லைனுக்குப் போய்விடும். அந்த மருந்து லூகோவோரின். சுப்பாராவ் இறந்த பிறகு 1950 வாக்கில் லெடர்லே ஆட்களே அதைத் தயாரித்தார்கள். அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தால், பெரும்பாலும் சுமார் 24 மணி நேரம் கழித்து லூகோவோரின் ஆரம்பிக்கிறார்கள். ரொம்ப சீக்கிரம் கொடுத்தால் புற்று செல்லும் தப்பிக்கும். ரொம்பத் தாமதமானால் நோயாளி தப்பிக்க மாட்டார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கு என்று அளந்து அளந்து கொடுக்கிறார்கள்.

முடக்குவாதத்துக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட், வேறு நாட்களில் ஃபோலிக் அமிலம். வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் நொதி ஏறுவது எல்லாம் இதனால் குறைகிறது என்று மனிதர்களில் பரிசோதித்து உறுதி பண்ணியிருக்கிறார்கள். ஒரு மாத்திரையின் கெடுதலை இன்னொரு மாத்திரை தடுக்கும் உண்மையான உதாரணம் இதுதான். எந்த நொதி, எந்த மருந்து, எத்தனை மணி நேரம் என்று எல்லாம் தெரிந்த பிறகுதான் அது மருத்துவச் சீட்டுக்கு வந்தது.

சரி, கோலா?

செயற்கை இனிப்புக்கும் சுப்பாராவுக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு இருக்கு. அஸ்பார்டேம் குடலில் உடையும்போது அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு மெத்தனால் வரும். மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகும். அந்த ஃபார்மிக் அமிலத்தை அப்புறப்படுத்துவது யார்? அதே ஃபோலேட் டிராலிதான். எலிக்கு ஈரலில் ஃபோலேட் அதிகம், சீக்கிரம் அப்புறப்படுத்திவிடும். மனிதனுக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

அதனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அஸ்பார்டேம் பற்றி ஆய்வு செய்தவர்கள், எலிகளுக்கு முதலில் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்து அதன் ஃபோலேட் வேலையைக் குறைத்தார்கள். மனிதனைப் போல எலியை மாற்ற சுப்பாராவ் ஆய்வகத்து மருந்து. பிறகு ஒரு கிலோ எடைக்கு 75 மில்லிகிராம் வீதம் 90 நாள் அஸ்பார்டேம். 2012-ல் வெளியான முடிவில், எலிகளின் மூளையில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தின் அறிகுறிகள் கூடியிருந்தன, உடம்பின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்டான குளுட்டாதயோன் குறைந்திருந்தது. இப்படிப்பட்ட எலிகளுக்கு வைட்டமின், மூலிகைச் சாறு எல்லாம் கொடுத்துக் கெடுதல் குறையுதா என்று பார்க்கும் ஆய்வுகளும் பல நாடுகளில் வருகின்றன. குறைகிறது என்று பலவற்றில் முடிவும் வருகிறது. ரீல்ஸ்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கடைசி வரியை மட்டும்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு சொல்லும் தினசரி வரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 2,400 மில்லிகிராம். ஒரு டயட் கோலா கேனில் 200 முதல் 300 மில்லிகிராம். அதாவது எட்டு கேனைத் தாண்டி தினமும் குடித்தால்தான் வரம்பையே தொடுவோம். ஒரு கேனில் இருந்து வரும் மெத்தனால் 30 மில்லிகிராமுக்குள். தக்காளிச் சாற்றிலும் பழச்சாற்றிலும்கூட மெத்தனால் உண்டு. 2023 ஜூலையில் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமைப் புற்றை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ள பட்டியலில் வைத்தது. ஆதாரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. நிபுணர் குழு 40 என்ற வரம்பை மாற்றவில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. எடை குறைக்க இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்றும் அதே வருஷம் மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்போ தீர்வு ரொம்ப சிம்பிள். பயமாக இருந்தால் கோலாவைக் குறைக்கலாம். மேலே ஒரு கேப்ஸ்யூல் போடத் தேவையில்லை.

அந்த கேப்ஸ்யூல் சும்மா இருக்கும், போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. ஆன்டிஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கை. 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை போட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இதே மாதிரியான இன்னொரு பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஃபார்பர் 1947-ல் பார்த்த அதே பாடம்தான். நல்ல செல்லைக் காப்பாற்றும் பொருள் கெட்ட செல்லையும் காப்பாற்றலாம்.

கடைசி நாட்கள்

சுப்பாராவ் லெடர்லேவில் இருந்தது எட்டே வருஷம். அதற்குள் அவர் தலைமையில் இன்னும் இரண்டு பெரிய மருந்துகள் வந்தன. ஒன்று, பெஞ்சமின் டக்கர் மண்ணில் இருந்து கண்டெடுத்த ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் முதலாவது. இன்னொன்று யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரை. நம்ம மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, கண் முன்னாடியே முழுங்கச் சொல்லிக் கொடுப்பார்களே, அதேதான். விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம் பக்கம் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க, ஞாபகம் இருக்கும்.

1948 ஆகஸ்டில், 53 வயசில், தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கும் வாய்ப்பு வந்தும் அவர் வாங்கவில்லை. மூன்று வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவருக்காக சேஷகிரி கால் நூற்றாண்டு காத்திருந்தார். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நோபல் கிடைக்கவில்லை. ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

இதைப் படிக்கும் நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கு. வீட்டில் தாத்தா, பாட்டி யாருக்காவது முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்திருந்தால், சீட்டை எடுத்துப் பாருங்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போடுவது என்று தப்பாகப் புரிந்துகொண்டு போட்டு உயிரை விட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஃபோலிக் அமிலமும் பார்க்க அதே மாதிரி சின்ன மாத்திரை, மாறிப்போவது சுலபம். எந்தக் கிழமை எது என்று அட்டையிலேயே தமிழில் பெரிசாக எழுதி ஒட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியோ, பக்கத்து டாக்டரோ, கேட்டுவிட்டே கொடுங்கள். ஜிம் ஷெல்ஃப் கேப்ஸ்யூலை அப்புறம் பார்த்துக்கலாம்.